மழைத்தண்ணீர் எந்த வாய்க்காலுக்குப் போகும்? டெல்டாவில் மனைப்பிரிவு போடுபவர்களுக்கு

[திரையில்: ஒரு புலப்படம். நீள்சதுர நிலம், அதன் மூன்று பக்கமும் கோடுகள்.]

திரையில் இருப்பது ஒரு கற்பனை நிலம். கும்பகோணத்தை ஒட்டிய ஊராட்சி, 2 ஏக்கர் நஞ்சை. கிழக்கு மேற்காக சுமார் 200 மீட்டர், வடக்கு தெற்காக சுமார் 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வடக்கே தார்ச்சாலை. கிழக்கே ஒரு வாய்க்கால், தெற்கே இன்னொரு வாய்க்கால். இதை வீட்டுமனையாகப் பிரிக்க அனுமதி வாங்க வேண்டும்.

வரைபடம் போடுபவர் வழக்கமாக என்ன செய்வார்? நடுவில் ஒரு உள்சாலை, சாலையை ஒட்டி மழைநீர் வடிகால், அதன் நுனியில் ஒரு அம்புக்குறி, பக்கத்தில் 'வாய்க்காலுக்கு' என்று ஒரு வார்த்தை. அம்புக்குறி கிழக்கே பார்த்திருக்கும், ஏனென்றால் உள்சாலை அங்கேதான் முடிகிறது. கோப்பு திரும்பி வருவது அந்த அம்புக்குறியால்தான்.

[திரையில்: கிழக்கு வாய்க்கால் மட்டும் பெரிதாக. குறுக்குவெட்டுப் படம்.]

டெல்டாவில் வாய்க்கால் என்று பொதுவாகச் சொன்னாலும் அது இரண்டு வகை. ஒன்று பாசன வாய்க்கால். ஆற்றிலிருந்து ஏ வாய்க்கால், அதிலிருந்து பி, அப்புறம் சி, டி என்று கிளை பிரிந்து வயலுக்கு வரும். இது மேட்டில் ஓட வேண்டும். அப்போதுதான் மடையைத் திறந்தால் தண்ணீர் தானாக வயலில் இறங்கும். வாய்க்கால் நிறைந்து ஓடும்போது அதன் நீர்மட்டம் உங்கள் வயலைவிட உயரத்தில் நிற்கும். இன்னொன்று வடிவாய்க்கால். வயலில் மிஞ்சியதையும் மழையையும் வாங்கிக்கொண்டு போவது. இது பள்ளத்தில் ஓடும்.

நம் படத்தில் கிழக்கே இருப்பது பாசன வாய்க்கால். அதற்குள் மழைநீரை விட நினைத்தால் தண்ணீர் மேலே ஏற வேண்டும். ஏறாது, திரும்பி உங்கள் சாலைக்குத்தான் வரும்.

சரி, மழைக்காலத்தில் பாசன வாய்க்கால் காலியாகத்தானே இருக்கும் என்று ஒரு கேள்வி வரும். இல்லை. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28 வரை திறந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அதாவது சம்பாவும் தாளடியும் வயலில் நிற்கும்போதுதான் பெருமழையும் வருகிறது. மழை கொட்டும் நாளில் மதகை இறக்கித் தண்ணீரைக் குறைப்பார்கள் என்றாலும், அதை நம்பி வரைபடம் போட முடியாது.

எது பாசனம், எது வடிகால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கிராமத்தின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் 'வாய்க்கால் புறம்போக்கு' என்று மட்டும் இருந்தால் அது போதாது. நீர்வளத்துறையின் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் கேட்கலாம். அதற்கு முன் அந்தப் பகுதி லஸ்கரையும் (மதகைத் திறந்து மூடும் ஊழியர்), பக்கத்து வயல்காரரையும் கேளுங்கள். எந்த மடை எப்போது திறக்கும், எந்த இடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும் என்று படத்தைப் பார்க்காமலே சொல்வார்கள். இரண்டு வேலையும் செய்யும் வாய்க்கால்களும் உண்டு. மேல் ஊருக்கு வடிகாலாக இருப்பது கீழ் ஊருக்குப் பாசனமாக இருக்கும். அப்படிப்பட்டதில் நீங்கள் விடும் தண்ணீர் கீழே ஒருவர் வயலுக்குள் போகிறது என்பதால், கேள்விகள் இன்னும் கூடுதலாக வரும்.

[திரையில்: அலுவலகங்கள், ஒவ்வொன்றாக.]

கோப்பு போகும் வழியை வேகமாகப் பார்த்துவிடுவோம். மனைப்பிரிவுக்கான விண்ணப்பம் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒற்றைச் சாளர இணையதளம் வழியாகப் போகிறது. அடிப்படை விதி 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இல்லாத பகுதியில் விவசாய நிலமென்றால், நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவின்படி மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும். வெள்ளம் தேங்குமா என்பதைப் பார்த்துத் தடையின்மைச் சான்று தருவது நீர்வளத்துறை. நீர்நிலையிலிருந்து 15 மீட்டருக்குள் வரும் வேலை என்றால் அனுமதியை மறுக்கவோ நிபந்தனை போடவோ விதியில் இடம் இருக்கிறது. நம் நிலத்தில் இரண்டு பக்கம் வாய்க்கால், அதனால் இது நமக்குப் பொருந்தும்.

இடையில் ஒன்று. டெல்டா 2020 முதல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், ஆகவே மனையே போட முடியாது என்று சொல்பவர்கள் உண்டு. அந்தச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயுத் துரப்பணம், உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்ற குறிப்பிட்ட தொழில்களை. வீட்டுமனை அந்தப் பட்டியலில் இல்லை. இல்லை என்பதாலேயே நஞ்சையை மனையாக்குவது நல்லது என்று நான் சொல்லவில்லை. அது தனி வழக்கு.

[திரையில்: மட்டங்கள் எழுதிய குறுக்குவெட்டு.]

இப்போது உண்மையான வேலை. நீர்வளத்துறைப் பொறியாளர் உங்கள் வரைபடத்தில் முதலில் தேடுவது வடிகாலின் அகலத்தை அல்ல, மட்டத்தை. 'வடிவாய்க்கால் நிறைந்து ஓடும்போது உங்கள் வடிகால் வாய் தண்ணீருக்கு மேலே இருக்குமா, கீழே இருக்குமா?' இந்த ஒரு கேள்விக்கு எண்ணில் பதில் வைத்திருந்தால் பாதி ஆட்சேபணைகள் எழாது.

மட்டம் எடுக்கும்போது உங்கள் நிலத்தோடு நிறுத்தாதீர்கள். சாலையின் நடு முதுகு, வாய்க்கால்களின் அடி, கரை, பழைய வெள்ளம் ஏறிய தடம், கீழே அடுத்த கல்வெர்ட் (சிறுபாலம்) வரைக்கும் எடுக்கச் சொல்லுங்கள். சர்வேயர் கூடுதலாக ஒரு நாள் கூலி கேட்பார். கொடுக்கலாம்.

நம் நிலத்துக்கு எண்கள் போட்டுப் பார்ப்போம். மட்டம் என்பது ஒரு நிலையான குறியிலிருந்து அளந்த உயரம். வயல்மட்டம் 9.20 மீட்டர். தெற்கு வடிவாய்க்கால் நிறைந்தால் 8.95. வடிகாலுக்குச் சரிவு 500-க்கு 1, அதாவது 5 மீட்டருக்கு 1 செ.மீ. இறக்கம். உள்சாலையின் மேற்கு நுனியிலிருந்து கிழக்கு நுனி வரை 200 மீட்டர், அங்கே தெற்கே திரும்பி வடிவாய்க்காலை அடைய இன்னும் 20 மீட்டர். மொத்தம் 220 மீட்டருக்கு 44 செ.மீ. இறக்கம். வாய் 8.95-ல் இருந்தால் மேற்கு நுனியில் வடிகாலின் அடி 9.39. வடிகாலின் ஆழம் 45 செ.மீ. ஆகவே தரை 9.84-ல் இருக்க வேண்டும். வயலை 64 செ.மீ. உயர்த்த வேண்டும்!

64 செ.மீ. என்றால் சுமார் 1,830 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) மண். பலர் இதைக் கேட்டதும் சரிவைக் குறைத்துவிடலாமே என்பார்கள். 1000-க்கு 1 என்று வைத்தால் மண் குறையும், ஆனால் வடிகாலில் தண்ணீரின் வேகம் நொடிக்கு 0.56 மீட்டருக்கு வந்துவிடும். வண்டல் படியாமல் ஓட 0.6 மீட்டராவது வேண்டும். காவிரி மண்ணில் அதைவிடக் குறைத்தால் இரண்டு மழைக்குள் வடிகால் பாதி அடைந்துவிடும்.

[திரையில்: அம்புக்குறி கிழக்கு நுனியிலிருந்து தெற்குப் பக்கத்தின் நடுவுக்கு நகர்கிறது.]

சரிவைத் தொடாமல் வாயை நகர்த்திப் பாருங்கள். தெற்கு எல்லையின் நடுவில் ஒரே வாய். இரண்டு நுனியிலிருந்தும் தண்ணீர் நடுவுக்கு வரும். இப்போது அதிகபட்ச ஓட்டம் 100 மீட்டர், அதோடு தெற்கே 20 மீட்டர். இறக்கம் 24 செ.மீ. தரைமட்டம் 9.64 போதும். 20 செ.மீ. மிச்சம், சுமார் 570 யூனிட் மண் குறைகிறது. வரைபடத்தில் ஒரு அம்புக்குறிதான் நகர்ந்தது. மனைகளுக்கு நடுவே வடிகாலுக்கு ஒரு சந்து விட வேண்டும், அதில் ஒரு மனையின் அகலம் கொஞ்சம் குறையும். மண் விலையோடு ஒப்பிட்டால் அது நஷ்டமே இல்லை.

[திரையில்: அறுவடை முடிந்த வயல், வரப்பு தெரிகிறது. பிறகு அதே இடத்தில் சிமென்ட் சாலை.]

அடுத்த கேள்வி, எவ்வளவு தண்ணீர். வயலாக இருந்தபோது 15 செ.மீ. உயர வரப்பு இருந்தாலே அந்த 2 ஏக்கர் சுமார் 12 லட்சம் லிட்டரைப் பிடித்து வைத்திருக்கும். நஞ்சை வயல் ஒரு ஆழமில்லாத ஏரி. மனையாக்கியதும் அந்த ஏரி போய்விடுகிறது. மணிக்கு 50 மி.மீ. மழைக்கு, கூரையும் சாலையுமாக மாறிய இடத்திலிருந்து நொடிக்கு 79 லிட்டர் வரும். வரப்பைக் கணக்கில் சேர்க்காமல் வெறும் தரிசாக எண்ணினாலும் முன்பு 34 லிட்டர்தான் வந்திருக்கும். ஒரு மணி நேரத்தில் கூடுதலாக வருவது ஏறக்குறைய 1,62,000 லிட்டர்.

45 செ.மீ. அகல வடிகால் 35 செ.மீ. ஆழம் நிறைந்து ஓடினால் நொடிக்கு 125 லிட்டர் வரை தாங்கும். ஆகவே உங்கள் இடத்துக்குள் பிரச்சினை இல்லை. பிரச்சினை கீழே இருக்கும் வயலுக்கு. அந்தக் கூடுதல் தண்ணீரை எங்கே நிறுத்தி வைப்பீர்கள் என்று கேட்டால் பதில் வேண்டும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 செ.மீ.க்கு மேல் கொட்டியது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 செ.மீ. அந்த அளவுக்கு எந்த மனைப்பிரிவும் வடிகால் கட்ட முடியாது, யாரும் கட்டச் சொல்லவும் மாட்டார்கள். ஆனால் அந்த நாட்களைப் பார்த்தவர்கள்தான் உங்கள் கோப்பைப் பார்க்கிறார்கள்.

பலர் உடனே ஆழமாக ஒரு குட்டை வரைந்து கொடுப்பார்கள். டெல்டாவில் இது வேலை செய்யாது. வடிவாய்க்கால் மட்டத்துக்குக் கீழே தோண்டினால் ஊற்றே நிரப்பிவிடும், மழை வரும்போது இடம் இருக்காது. பயன்படுவது 8.95-க்கு மேல், 9.64-க்குக் கீழ் இருக்கும் உயரம் மட்டும். 60 செ.மீ. என்று வைத்தால் அந்த 1,62,000 லிட்டருக்கு 270 சதுர மீட்டர் தாழ்வான புல்தரை போதும். குழந்தைகள் மற்ற மாதங்களில் அதில் பந்து விளையாடலாம்.

அதைப் பொது ஒதுக்கீட்டு இடத்தில், அதாவது பொதுப் பயன்பாட்டுக்காகத் திறந்தவெளியாக விடும் இடத்தில் போடலாமா? 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள மனைப்பிரிவில் 10 சதவீத இடத்தை ஒதுக்க வேண்டும், அல்லது அதற்கு வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். நமது நிலம் 8,094 சதுர மீட்டர். இடமாகக் கொடுத்தால் அது உள்ளாட்சிக்குப் போகிற சொத்து, ஆகவே அவர்களைக் கேட்காமல் அதில் தாழ்வு வரையாதீர்கள். கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு வரையுங்கள்.

மழைநீர் சேகரிப்புக் குழி 2003 முதல் தமிழகம் முழுக்கக் கட்டாயம். ஆனால் களிமண்ணில் மூன்றடிக் குழி தண்ணீரை உறிஞ்சாது. ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்து, மணல் படுகை வரும்வரை குழாய் இறக்குங்கள். கழிவுநீர்த் தொட்டியின் வழிநீரை இந்த வடிகாலில் சேர்க்கும் கோடு வரைபடத்தில் எங்காவது இருந்தால் அன்றே நீக்கிவிடுங்கள்.

[திரையில்: ஆட்சேபணைக் கடிதம், வரிகள் சுட்டிக்காட்டப்படுகின்றன.]

ஆட்சேபணை வந்துவிட்டால் 'குறை நிவர்த்தி செய்யப்பட்டது' என்று ஒரே வரியில் பதில் போடுவது ஒரு வழக்கம். அந்தப் பதிலுக்கு மறுபடி ஒரு ஆட்சேபணைதான் வரும். அவர்கள் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் கீழே, எந்தத் தாளில், எந்த மட்டம் மாறியது என்று எழுதுங்கள். புரியாத வரி இருந்தால் வரைபடத்தோடு நேரில் போய், 'சார், இந்த இடத்தில் நீங்கள் எந்த மட்டத்தை எதிர்பார்க்கிறீர்கள்?' என்று கேட்கலாம். தவறே இல்லை. தரகர் வழியாகக் கேட்டால் எண் மாறி வரும்.

வாய்க்காலைக் கடந்து உள்ளே போக வழி வேண்டுமென்றால் அது தனி அனுமதி. சிமென்ட் குழாய் இரண்டைப் போட்டு மண் மூடும் யோசனையை விட்டுவிடுங்கள். மேலே இருக்கும் பாலத்தின் திறப்பைவிடக் குறையாத திறப்போடு ஒரு சிலாப் கல்வெர்ட் வரைந்து கொடுத்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

மண் அடிக்கும்போது எல்லையில் பக்கத்து வயல் பக்கமாக ஒரு சிறு வாய்க்கால் விடுங்கள். அந்த வயலின் தண்ணீர் இவ்வளவு நாளும் உங்கள் நிலத்தின் வழியாகத்தான் வடிந்திருக்கும். இதை வரைபடத்திலேயே காட்டினால், பக்கத்து வயல்காரர் மனு கொடுப்பதற்கு முன்பே பதில் தயாராக இருக்கும்.

உள்சாலையும் வடிகாலும் தானப்பத்திரத்தில் உள்ளாட்சிக்குப் போய்விடும். ஆனால் மனை வாங்கியவர் வீடு கட்டும்போது வாசலை இரண்டடி உயர்த்தி, வடிகாலை மூடி, சரிவைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். அதைத் தடுக்க உங்களால் முடிகிற ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மனைக்கும் முடிவான தரைமட்டத்தையும் வடிகாலின் மேல்மட்டத்தையும் மனைப்பிரிவு வரைபடத்தில் எழுதி, கிரயப் பத்திரத்தோடு அந்தத் தாளின் நகலையும் இணைத்துக் கொடுங்கள். வீடு கட்ட வரும் மேஸ்திரியும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் மட்டம் வைப்பார்.