324 பேர் பார்த்த ஆட்டம்: ஒரு கிளப் நொடித்துப்போனால் ரசிகர் கையில் என்ன மிஞ்சும்?

[காட்சி: மேலிருந்து ஓட்சல் மைதானம். பெரிய பள்ளம், அதைச் சுற்றிப் படிப்படியாக இறங்கும் நிற்குமிடங்கள்.]

1953ஆம் ஆண்டு மார்ச் மாதம் இந்த மைதானத்தில் 69,429 பேர் நின்று ஓர் ஆட்டத்தைப் பார்த்தார்கள். 1963 நவம்பரில் அதே மைதானத்தில், அதே உள்ளூர் அணியின் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 324 பேர். அடுத்த மாதம் கிளப் மூடப்பட்டது. இடையில் கழிந்தது பத்தே ஆண்டுகள்தான்.

இது வட இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரம். அந்த அணியின் அன்றைய பெயர் பிராட்ஃபோர்ட் நார்தர்ன். இன்று அதைப் பிராட்ஃபோர்ட் புல்ஸ் என்கிறார்கள். ஒரு விளையாட்டு கிளப் பணமில்லாமல் விழும்போது உண்மையில் என்ன நடக்கிறது, விழுவது எது, மிஞ்சுவது எது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம். புல்ஸ் பல முறை விழுந்த கிளப். அதனால் இதைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

[காட்சி: ஆலைப் புகைபோக்கிகள், கம்பளி மூட்டைகள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்.]

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். கொழும்பிலும் கண்டியிலும் ஆடப்படுவது ரக்பி யூனியன், அணிக்கு 15 பேர். நாம் பேசுவது ரக்பி லீக், அணிக்கு 13 பேர். இந்தப் பிரிவு உருவாகக் காரணமே பணம்தான். வட இங்கிலாந்தின் ஆட்டக்காரர்களில் பெரும்பாலானவர்கள் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியை ஈடுகட்டக் கூடாது என்றது தெற்கில் இருந்த தலைமை. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்ட் நகரத்தின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்கத்திக் கிளப்புகள் பிரிந்து தனிச் சங்கம் கண்டன. உழைப்பவன் இழந்த கூலிக்காகப் பிறந்த ஆட்டம் இது.

பிரிந்த கிளப்புகளில் பிராட்ஃபோர்டும் ஒன்று. ஆனால் 1907இல் அந்தக் கிளப்பின் உறுப்பினர்கள் கால்பந்துக்கு மாறிவிட முடிவு செய்தார்கள். கூட்டம் அதிகம் வரும், வரும்படியும் அதிகம் என்பது கணக்கு. ஒப்பாத சிறுபான்மையினர் வெளியேறித் தங்களுக்கென ஒரு ரக்பி கிளப்பை அமைத்தார்கள். அதுதான் பிராட்ஃபோர்ட் நார்தர்ன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த கிளப் பிறந்ததே, பழைய கிளப் கைவிட்டுப் போனபோது போகாமல் நின்றவர்களால்தான்.

[காட்சி: ஓட்சல் சரிவு. மேலே உடைமாற்றும் அறைகள், அங்கிருந்து மைதானம் வரை படிக்கட்டு.]

1934இல் திறக்கப்பட்ட ஓட்சல் மைதானமும் அந்த மனிதர்களைப் போன்றதே. அது ஒரு பள்ளம். நகராட்சி அங்கே குப்பை கொட்டியது, அந்தக் குப்பைமேட்டின் மேல்தான் ரசிகர்கள் நிற்கும் சரிவுகள் எழுந்தன. 1954 மே 5 அன்று வாரிங்டனும் ஹாலிஃபாக்ஸும் மோதிய சேலஞ்ச் கோப்பை (தோற்றால் வெளியேறும் ரக்பி லீக் போட்டி) மறு இறுதிப் போட்டிக்கு இங்கே வந்தவர்கள், அதிகாரப்பூர்வக் கணக்குப்படி, 102,569 பேர். உடைமாற்றும் அறைகள் மேலே, ஆடுகளம் கீழே. ஆட்டக்காரர்கள் ரசிகர்களின் நடுவே படியிறங்கித்தான் களத்துக்குப் போக வேண்டும். தோற்றால் அதே படியில், அதே முகங்களைப் பார்த்தபடி ஏற வேண்டும்.

1963 டிசம்பரில் கிளப் மூடியபோது டிரெவர் ஃபாஸ்டர் என்ற முன்னாள் ஆட்டக்காரர் சும்மா இருக்கவில்லை. வேல்ஸிலிருந்து வந்தவர், 1947 முதல் 1949 வரை லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் தொடர்ந்து மூன்று சேலஞ்ச் கோப்பை இறுதிப் போட்டிகளில் ஆடியவர். அவரும் ஜோ ஃபிலிப்ஸ் என்ற இன்னொரு பழைய ஆட்டக்காரரும் ஊராரைக் கூட்டிப் பேசிப் பணம் திரட்டினார்கள். 1964இல் புதிய கிளப் அதே பெயரில், அதே பள்ளத்தில் இறங்கியது. அடுத்த ஆண்டே யார்க்‌ஷயர் கோப்பையையும் வென்றது. 324 பேருக்காக ஏன் ஆட வேண்டும் என்று கைகழுவிய ஊர், கிளப் போன பிறகுதான் தனக்கு என்ன போயிற்று என்று உணர்ந்தது.

[காட்சி: 1990களின் வண்ணக் காட்சிகள். நிரம்பிய மைதானம், காளைச் சின்னம்.]

அடுத்து பொற்காலம். அதை வேகமாகக் கடக்கிறேன், ஏனென்றால் அதை எல்லோரும் சொல்கிறார்கள். தொலைக்காட்சிப் பணத்தால் 1996இல் ரக்பி லீகின் மேல்மட்டப் போட்டியாகச் சூப்பர் லீக் தொடங்கியது. ஊடக அதிபர் ரூபர்ட் மர்டாக்கின் நிறுவனம் தருவதாகச் சொன்ன தொகை 87 மில்லியன் பவுண்ட். நார்தர்ன் என்ற பெயர் போய் புல்ஸ் வந்தது. 1997, 2001, 2003, 2005 ஆகிய ஆண்டுகளில் சாம்பியன். உலக கிளப் கோப்பை மூன்று முறை. குடும்பம் குடும்பமாக ஆட்டத்துக்கு வந்தார்கள்.

பிறகு மெல்ல மெல்ல எல்லாம் கழன்றது. 2005 வெற்றியின் கேப்டன் ஜேமி பீக்காக் பக்கத்து ஊர் எதிரியான லீட்ஸுக்குப் போனார். பயிற்சியாளர் பிரையன் நோபிள் 2006இல் விகன் அணிக்குப் போனார். அதே ஆண்டு ஸ்டூவர்ட் ஃபீல்டனையும் விகனுக்கு விற்றார்கள். முன்பு லீட்ஸில் ஆடிய யெஸ்டின் ஹாரிஸை ஒப்பந்தம் செய்ததற்காக லீட்ஸ் தொடுத்த வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. வெற்றி குறைந்தால் கூட்டம் குறையும், கூட்டம் குறைந்தால் வரும்படி குறையும், வரும்படி குறைந்தால் நல்ல ஆட்டக்காரர் நிற்கமாட்டார். செலவு மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கும்.

2012 ஜனவரியில் ஒரு முக்கியமான காரியம் நடந்தது. ஓட்சல் மைதானத்தின் நீண்டகாலக் குத்தகை உரிமையைக் கிளப், ஆட்டத்தின் தலைமை அமைப்பான ரக்பி ஃபுட்பால் லீகிடம் விற்றது. மைதானம் வணிகர்கள் கைக்குப் போய்விடாமல் காத்தோம் என்று சொன்னார்கள். அது உண்மையும்கூட. ஆனால் கிளப்பிடம் இருந்த ஒரே பெரிய சொத்து கைமாறிவிட்டது. இனி அது தன் சொந்த வீட்டிலேயே வாடகைக்காரர்.

[காட்சி: நாள்காட்டி. மார்ச் 27, 2012 முதல் ஏப்ரல் 6 வரை ஒவ்வொரு நாளாக.]

மார்ச் 27. கணக்கில் இருப்பதைவிட அதிகம் எடுக்க விடும் ஓவர்டிராஃப்ட் வசதியை வங்கி திரும்பப் பெற்றுவிட்டது. தொடர்ந்து நடக்க ஒரு மில்லியன் பவுண்ட் வேண்டும், அதில் பாதி பத்து நாளில் வேண்டும் என்று கிளப் அறிவித்தது. தலைக்கு 100 பவுண்ட் தர முன்வரும்படி ரசிகர்களுக்கு அழைப்பு விடுத்தது. கெடு, ஏப்ரல் 6, புனித வெள்ளி, லீட்ஸுடன் ஆட்டம்.

ஊர் திரண்டது. வேற்றூர் ரசிகர்கள்கூடப் பணம் போட்டார்கள். நேற்றுவரை வசைபாடியவர்கள் வாளியில் நோட்டுகளைப் போட்டார்கள். ஐந்து லட்சம் பவுண்ட் என்ற இலக்கை எட்டிவிட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை ஓட்சலில் 20,000 பேருக்கு மேல் கூடினார்கள். அந்த மாலையில் அங்கே நின்ற ஒவ்வொருவரும் கிளப்பைக் காப்பாற்றிவிட்டோம் என்று நம்பினார்கள். நம்பியதில் தவறே இல்லை.

ஜூன் 26 அன்று கிளப் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனது. இடையில் மூன்று மாதம்கூட இல்லை.

இந்த இடத்தில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அட்மினிஸ்ட்ரேஷன் என்றால் என்ன? கடனைக் கட்ட முடியாத நிறுவனத்தை, உரிமம் பெற்ற ஒரு நிர்வாகி தன் கையில் எடுத்துக்கொள்வது. கடன் கொடுத்தவர்கள் உடனே பாய்ந்து பறிக்காமல் சட்டம் ஒரு வேலி போடுகிறது. அந்த வேலிக்குள் நிறுவனத்தைக் காப்பாற்றவோ, நல்ல விலைக்கு விற்கவோ நிர்வாகி முயல்வார். ஆனால் அவருடைய கடமை கடன் கொடுத்தவர்களுக்கு. ரசிகர்களுக்கு அவர் எந்த வகையிலும் கடன்பட்டவர் அல்லர்.

[காட்சி: நீண்ட பந்தி. வாழை இலைகள் வரிசையாக. ஒவ்வொரு இலைக்கும் எதிரே ஒரு பெயர்ப் பலகை.]

கிடைக்கும் பணம் எப்படிப் பங்காகிறது என்பதைக் கல்யாணப் பந்தியாக நினைத்துப் பாருங்கள். முதல் பந்தியில், சொத்தை அடமானமாக வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தவர். அடுத்து நிர்வாகியின் கட்டணமும் செலவும். பிறகு ஊழியர்களின் சம்பளப் பாக்கி, அதிலும் முன்னுரிமை தலைக்கு 800 பவுண்ட் வரைதான். 2020 டிசம்பர் முதல் சில வரிப் பாக்கிகளுக்காக அரசும் முன்வரிசைக்கு வந்துவிட்டது. கடைசிப் பந்தியில் உணவு சப்ளை செய்தவர், நிகழ்ச்சி மலர் அச்சடித்தவர், பஸ் ஓட்டியவர், சீசன் டிக்கெட்டுக்கு முன்பணம் கட்டிய ரசிகர். அவர்கள் உட்காரும்போது பாத்திரத்தில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

அப்படியானால் 100 பவுண்ட் கொடுத்தவர் எந்தப் பந்தி? எந்தப் பந்தியிலும் இல்லை. அவர் கொடுத்தது கடன் இல்லை, பங்கு முதலீடும் இல்லை. நன்கொடை. கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமையோ, இயக்குநர் குழுவில் ஓர் இடமோ, ஒரு வாக்கோ அதனால் அவருக்குக் கிடைக்கவில்லை. மைதானத்தின் குத்தகை ஏற்கெனவே கைமாறிவிட்டதால் நிர்வாகிக்கு விற்கவும் அதிகம் இல்லை. ரசிகர்கள் வாங்கிக் கொடுத்தது சில வார அவகாசம் மட்டுமே. அந்த வாரங்களுக்கு ஐந்து லட்சம் பவுண்ட் கொடுத்தார்கள் என்பதை என்னால் கோபமில்லாமல் சொல்ல முடியவில்லை.

அந்தக் கோடையில் ஊழியர்கள் பலர் வேலை இழந்தார்கள். பயிற்சியாளர் மிக் பாட்டரும் வேலைநீக்கம் செய்யப்பட்டார். ஆனாலும் அவர் சீசன் முடியும்வரை சம்பளமில்லாமல் அணியைப் பயிற்றுவித்தார். ஆகஸ்டில் உள்ளூர் உணவகத் தொழிலதிபர் ஒமர் கான் தலைமையிலான குழு கிளப்பை வாங்கியது. அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனதற்குத் தண்டனையாக, புள்ளிப்பட்டியலில் அணியின் 6 புள்ளிகளை லீக் கழித்தது.

2014 தொடக்கத்தில் மீண்டும் அட்மினிஸ்ட்ரேஷன், மீண்டும் 6 புள்ளிகள் கழிப்பு. அந்த ஆண்டு சூப்பர் லீகிலிருந்தே கீழே இறங்கியது. 2015இல் மேலே ஏற ஒரே ஆட்டம் மிச்சமிருந்தது. வேக்ஃபீல்டிடம் 24-16 என்று தோற்றது. 2016 நவம்பரில் மூன்றாவது முறை. 2017 ஜனவரி 3 அன்று நிர்வாகி, வந்த விலைகள் எதுவும் போதாது என்று நிறுவனத்தைக் கலைத்தார். சீசன் தொடங்க ஒரு மாதமே இருந்தது.

[காட்சி: வெற்றுப் புள்ளிப்பட்டியல். பிராட்ஃபோர்ட் என்ற பெயருக்கு எதிரே -12.]

தலைமை அமைப்பு புதிய நிறுவனம் ஒன்றுக்கு இரண்டாம் நிலைப் போட்டியில் இடம் தந்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. புதிய கிளப் -12 புள்ளிகளில் தொடங்க வேண்டும். ஓர் ஆட்டத்தை வென்றால் 2 புள்ளி. அதாவது ஆறு ஆட்டம் வென்றால்தான் பூஜ்யம். அந்த ஆண்டு அணி மூன்றாம் நிலைக்கு இறங்கியது.

புள்ளி கழிப்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. வரியை ஒழுங்காகக் கட்டி, வரவுக்குள் செலவு செய்து, அதனால் பலவீனமான அணியோடு ஆடிய கிளப்புகள் இருக்கின்றன. கட்ட முடியாத சம்பளத்தைக் கொடுத்து அவற்றைத் தோற்கடித்தவர்களுக்குத் தண்டனை வேண்டாமா? வேண்டும். ஆனால் தண்டனை விழும் நாளில், அந்தச் சம்பளத்துக்குக் கையெழுத்திட்டவர்கள் அங்கே இருப்பதில்லை. -12 என்ற எண்ணைச் சுமந்தவர்கள் புதிய சட்டை போட்ட இளைஞர்களும், மீண்டும் டிக்கெட் வாங்கிய பழைய ரசிகர்களும்தான். தண்டனையை நிறுத்தச் சொல்லவில்லை. கையெழுத்திட்டவரைத் தேடிப் போகும் தண்டனை வேண்டும், கடன் பெருகுவதை முதல் ஆண்டிலேயே பார்க்கும் கண் வேண்டும், பணம் கேட்டு ரசிகரிடம் வரும் கிளப் அவருக்குப் பங்கும் வாக்கும் தர வேண்டும் என்கிறேன்.

இது பிராட்ஃபோர்டோடு முடிந்த கதையும் இல்லை. 2025 பிப்ரவரியில் சால்ஃபோர்ட் கிளப், சம்பளச் செலவுக்கு லீக் விதித்த உச்சவரம்பால், சூப்பர் லீக் சீசனின் முதல் ஆட்டத்துக்கு இளையோரைக் களமிறக்கி செயின்ட் ஹெலன்ஸிடம் 82-0 என்று தோற்றது. அதே ஆண்டு டிசம்பரில், வரிப் பாக்கி வழக்கில் அந்த நிறுவனத்தைக் கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. 1873இல் வேர்விட்ட கிளப் அது.

[காட்சி: 2019 மே. ஓட்சல், மாலை வெளிச்சம்.]

புல்ஸ் 2018இல் இரண்டாம் நிலைக்குத் திரும்பியது. 2019 மே மாதம் சேலஞ்ச் கோப்பையில் லீட்ஸ் ஓட்சலுக்கு வந்தது. 10,000க்கும் மேற்பட்டோர் பார்க்க, ஒரு நிலை கீழே இருந்த பிராட்ஃபோர்ட் 24-22 என்று வென்றது. சட்டத்தின் கணக்கில் இந்த நிறுவனத்துக்கு அன்று வயது இரண்டரைகூட இல்லை. சரிவில் நின்றவர்களில் யாரும் அப்படிக் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

அதன் பிறகும் ஒரு சீசன் ஓட்சலை விட்டு டியூஸ்பெரிக்குப் போய் ஆட நேர்ந்தது. 2021இல் திரும்பி வந்தார்கள். 2025 அக்டோபரில், அடுத்த ஆண்டு 14 அணிகளாக விரியும் சூப்பர் லீகில் பிராட்ஃபோர்டும் இருக்கும் என்று அறிவித்தார்கள். பதினோரு சீசன் கழித்து மீண்டும் மேல்மட்டம். ஓட்சலின் மேலே இருந்து அணி படியிறங்கும்போது, இருபுறமும் நிற்பவர்களில் 2012இல் நூறு பவுண்ட் கொடுத்தவர்களும் இருப்பார்கள். அந்த நூறு பவுண்டுக்காக அவர்கள் பெயரில் கிளப்பில் ஒரு பங்குகூட எழுதப்படவில்லை.

[திரை இருள்கிறது. படிக்கட்டில் காலணிச் சத்தம்.]