உயிர் வாரிசின் கையில்

நடுவர் அவர்களே, பாலக்காட்டுப் புதுநகரத்து மீலாது பந்தலில் இந்நேரத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

'இஸ்லாம் பெரிதும் வலியுறுத்துவது தண்டனையையே' என்று எதிரணித் தம்பி முழங்கினார். மன்னிப்பையே என்பது எங்கள் அணி. 'கிஸாஸில் (பழிக்குப் பழியில்) உங்களுக்கு வாழ்வு இருக்கிறது' என்ற குர்ஆன் வசனத்தைச் சொல்லிக் கைதட்டும் வாங்கினார். வாங்கட்டும். அது பகரா அத்தியாயத்தின் 179ஆம் வசனம். தம்பி, 178ஐ எங்கே விட்டுவிட்டு வந்தீர்கள்? கொலைக்குப் பழி என்று சொன்ன கையோடு, கொல்லப்பட்டவரின் வாரிசு மன்னித்துவிட்டால் எப்படி நடந்துகொள்வது என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறதே!

நம் நாட்டில் கொலை வழக்கை நடத்துவது அரசு. பெற்ற தாயே மன்னித்தாலும் வழக்கு தொடரும். இஸ்லாமியச் சட்டமான ஷரீஅத்தில் பழி கேட்பதா, விடுவதா என்பது பறிகொடுத்த குடும்பத்தின் உரிமை. பாலக்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன? கோழிக்கோட்டுக்காரர் ஒருவர் ரியாதில் கவனித்துவந்த சிறுவன் 2006இல் இறந்துபோனான். கவனித்துவந்தவருக்கு மரண தண்டனை விழுந்தது. பல ஆண்டு போராட்டத்துக்குப் பிறகு, தியத், அதாவது உயிருக்கு ஈடான தொகை, வாங்கிக்கொள்ளச் சிறுவனின் குடும்பம் சம்மதித்தது. 1.5 கோடி ரியால், நம் காசுக்கு ஏறக்குறைய 34 கோடி. 2024 ஏப்ரலில் மலையாளிகள் அதைத் திரட்டிக் காட்டினார்கள். ஜூலையில் மரண தண்டனை ரத்தானது.

'மன்னிப்புக்கு விலையா?' என்று எதிரணி கேட்கும். நியாயமான கேள்விதான். அந்தத் தொகை எனக்கும் தொண்டையில் நிற்கிறது. ஆனால் வேதம் கைகாட்டுவது அதற்கும் மேலே. பழியை ஒருவர் விட்டுக்கொடுத்தால் அது அவருடைய பாவங்களுக்குப் பரிகாரம் என்கிறது மாயிதா அத்தியாயம்.

சரி, நீதிபதி எப்படி இருக்க வேண்டும்? மாயிஸ் என்பவர் தானாக வந்து, விபச்சாரம் செய்துவிட்டேன் என்கிறார். நபி (ஸல்) முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மனிதர் அந்தப் பக்கம் சுற்றி வந்து மறுபடி சொல்கிறார். நான்கு தடவை! 'உமக்குப் பைத்தியமா?' என்றும் கேட்டுப் பார்க்கிறார்கள். கல்லெறி தண்டனை நிறைவேறியது, நான் மறைக்கவில்லை. ஆனால் கல் பட்டதும் அவர் ஓடினார், துரத்திப் பிடித்தார்கள் என்று கேள்விப்பட்டபோது நபியவர்கள் கேட்டது, 'அவரை விட்டிருக்கக் கூடாதா?'

அப்புறம் வஹ்ஷி. 625இல் உஹதுப் போரில் நபியின் சிறிய தந்தை ஹம்ஸாவை ஈட்டி எறிந்து கொன்றவர். 630இல் மக்கா நபியின் கைக்கு வந்தது. பிறகு வஹ்ஷி இஸ்லாத்தை ஏற்று எதிரே வந்து நிற்கிறார். ஒரு சொல் போதும், தலை போயிருக்கும். நபியவர்கள் அவரை உயிரோடு விட்டுவிட்டார்கள். 'உன் முகம் என் கண்ணில் படாமல் இருக்க முடியுமா?' என்று மட்டும் கேட்டார்கள். வலி இருந்தது, அதிகாரமும் இருந்தது. அப்படியும் மன்னித்தார்கள். எதிரணி இதற்குப் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.