ராமா ஒரு தடவை வந்தால் போதாதா?

வணக்கம் மக்களே. முட்டம் பாறையில் உட்கார்ந்து பேசுகிறேன். மைக்கில் காற்று இரையும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு ஆர்தர் சி. கிளார்க் எழுதிய 'ரான்டெவூ வித் ராமா'. 1973-இல் வந்த அறிவியல் புனைகதை நாவல், அந்த வகை எழுத்துக்குத் தருகிற ஹியூகோ, நெபுலா இரண்டு விருதும் வாங்கியது. கல்லூரிக் காலத்தில் படித்ததை மறுபடி எடுத்தேன். அதோடு விடாமல், பின்னால் வந்த மூன்று தடியான புத்தகங்களையும் படித்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். கதையை உடைத்துத்தான் பேசப்போகிறேன், படிக்காதவர்கள் இப்போதே கிளம்பிவிடலாம்.

சூரிய மண்டலத்துக்குள் ஒரு விண்கல் வருகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் கல் இல்லை, வழவழப்பான உருளை. நீளம் 50 கிலோமீட்டர், அதாவது கன்னியாகுமரியிலிருந்து பஸ் ஏறினால் ஏறக்குறைய மார்த்தாண்டம் வரை. தன்னைத்தானே நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை சுற்றிக்கொள்கிறது. ராமா என்ற பெயரைப் பார்த்து ராமாயணத்தைத் தேடாதீர்கள். கிரேக்க, ரோமானியக் கடவுள்களின் பெயர் எல்லாம் தீர்ந்துபோய் நம் பக்கம் வந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

கமாண்டர் நார்ட்டனின் குழு உள்ளே இறங்குகிறது. ஒரே இருட்டு. நடுவில் உருளையைச் சுற்றி வளையமாக ஒரு கடல், உறைந்து கிடக்கிறது. ராமா சூரியனை நெருங்க நெருங்க வெளியே பட்ட சூடு மெல்ல உள்ளே இறங்கி, கடல் அடியிலிருந்து உருக ஆரம்பிக்கும். அப்போதுதான் புயல் வரும் என்று எச்சரிக்கை வருகிறது. தரையோடு சேர்ந்து வேகமாகச் சுற்றும் காற்று சூடாகி நடு அச்சை நோக்கி எழும்பும்போது, அந்த வேகத்தையும் கூடவே தூக்கிக்கொண்டு போகுமாம். நார்ட்டன் யோசிக்கவே இல்லை, எல்லாரையும் மேலே ஏறச் சொல்லிவிடுகிறார். 2017-இல் ஒக்கியைப் பார்த்த நமக்கு அந்த அத்தியாயம் வேறு மாதிரி படும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஜிம்மி பாக் வரும் பகுதி. மிதித்து ஓட்டுகிற ஒரு குட்டி விமானத்தில் பறந்து தென்முனைக்குப் போய் விழுகிறான். அங்கே கட்டம் கட்டமாக நிலங்கள். ஒன்றில் ஒரே ஒரு பூ. பறித்துக்கொள்கிறான். திரும்ப வழி இல்லாததால் 500 மீட்டர் செங்குத்துச் சுவரின் மேலிருந்து, சட்டையையே பாராசூட்டாகப் பிடித்துக்கொண்டு கடலில் குதிக்கிறான். அந்தப் பூ யாருக்காக, யார் நட்டது? கிளார்க் சொல்லவே மாட்டார். கடைசியில் ராமா சூரியனிடம் தெம்பு ஏற்றிக்கொண்டு, நம்மை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் போய்விடுகிறது. என்னைக் கேட்டால் நாவலின் மொத்த பலமும் அந்த அலட்சியம்தான்.

ராமாவாசிகள் எதையும் மூன்று மூன்றாகச் செய்வார்கள் என்று கடைசி வரி. அடுத்த பாகம் எழுதும் எண்ணத்தில் அதைப் போடவில்லை, கடைசித் திருத்தத்தின்போது தோன்றியது என்று கிளார்க்கே பின்னால் சொன்னார். ஆனாலும் 1989, 1991, 1993 என்று மூன்று வந்தன. கூட எழுதியவர் ஜென்ட்ரி லீ, நாசாவின் விண்கலத் திட்டங்களில் வேலை பார்த்த பொறியாளர். பெரும்பாலும் லீதான் எழுதினார், கிளார்க் படித்து யோசனை சொன்னார்.

நியாயமாகச் சொன்னால் லீ ஒரு உண்மையான குறையைத்தான் சரிசெய்யப் பார்த்தார். நார்ட்டனுக்கு இரண்டு கிரகத்தில் இரண்டு குடும்பம், ஆனாலும் அந்த மனுஷனைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாம் பாகத்து டாக்டர் நிக்கோல் அப்படியில்லை. அவளுக்கு மகள் இருக்கிறாள், ரகசியம் இருக்கிறது, பயம் இருக்கிறது. ஆனால் அவளைச் சுற்றிப் பொறாமை, சதி, விசாரணை என்று நம் ஊர் சீரியலே நடக்கிறது. ராமா வெறும் செட்டு ஆகிவிடுகிறது. மூன்றாவதில் ராமாவுக்குள் மனிதக் குடியேற்றமும் சர்வாதிகாரியும். நாலாவதில் எல்லாக் கேள்விக்கும் பதில், விஷயம் கடவுள் வரை போகிறது. யாரும் கேட்காத பதில்!

சரி, படிக்கலாமா? முதல் நாவல் கட்டாயம். ஆசை விடவில்லை என்றால் இரண்டாவது. அதன் முடிவில் மூன்று பேர் ராமாவுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள், அங்கேயே மூடி வைத்துவிடுங்கள்.

தொடர்ச்சி என்றாலே மோசம் என்றும் நான் சொல்ல வரவில்லை. தன் '2001' நாவலுக்குத் தொடர்ச்சியாக 1982-இல் கிளார்க் தனியாக எழுதிய '2010' எனக்குப் பிடிக்கும். அதை அடுத்த வீடியோவில் பேசுகிறேன்.