எட்டு மாதம் நின்ற ராட்டினம்

நேயர்களுக்கு வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கேளிக்கைப் பூங்காவில் ராட்டினங்களையும் மற்ற விளையாட்டு இயந்திரங்களையும் பராமரிக்கும் வேலையில் 27 வருடம் இருந்தவன் நான். கொரோனாவுக்குப் பிறகு பூங்காக்களைத் திறந்த கதையைப் பேசச் சொல்லி வானொலி நிலையத்தார் அழைத்தார்கள். நான் அதற்கு முந்தைய கதையிலிருந்து தொடங்குகிறேன். திறந்த நாள் எல்லோருக்கும் தெரியும். மூடியிருந்த நாட்களில் உள்ளே என்ன நடந்தது என்பதுதான் வெளியே தெரியாது.

2020 மார்ச் நடுவில் தமிழ்நாட்டில் தியேட்டர்களோடு சேர்த்துப் பூங்காக்களையும் மூடச் சொன்னார்கள். முதலில் 31ஆம் தேதி வரைக்கும் என்றுதான் பேச்சு. இரண்டு வாரம்தானே என்று டிக்கெட் கவுண்டரில் காலண்டரைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குப் போனோம். மறுபடி மக்கள் உள்ளே வந்தது நவம்பர் 10க்குப் பிறகு. ஏறக்குறைய 8 மாதம்.

உங்கள் வீட்டில் ஒரு ஸ்கூட்டரை 8 மாதம் எடுக்காமல் வைத்திருந்தால் என்ன ஆகும்? பேட்டரி இறங்கியிருக்கும், டயர் தரையில் பதிந்த இடத்தில் தட்டையாகியிருக்கும், செயின் துருப்பிடித்திருக்கும். அந்த ஊரடங்கில் பலர் வீட்டில் நடந்ததுதான். இப்போது அதே இடத்தில் நூறு அடி உயர ராட்டினத்தை வைத்துப் பாருங்கள். கடல் காற்று வேறு. உப்புக்கு விடுமுறை கிடையாது.

ஓடுகிற இயந்திரத்தைவிட நிற்கிற இயந்திரம்தான் சீக்கிரம் கெடும். இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், இன்றைக்கும் இரண்டு மூன்று தடவை சொல்வேன். ராட்டினத்தின் அச்சுக்குள் பேரிங் இருக்கிறது. அதில் உருளைகள் இருக்கும். சக்கரம் நின்றுவிட்டால் மொத்த எடையும் அடியில் இருக்கும் சில உருளைகள் மேலேயே உட்கார்ந்துவிடும். காற்றில் சக்கரம் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். அந்தச் சிறு ஆட்டத்திலேயே ஒரே இடம் தேய்ந்து தேய்ந்து குழி விழும். கிரீஸும் அந்த இடத்தை விட்டு ஒதுங்கிவிடும். வெளியே பார்த்தால் பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே புண்.

மே மாதம் பாஸ் வாங்கிக்கொண்டு நாங்கள் மூன்று பேர் போனோம். அந்தச் சாலையில் ஒரு வண்டி இல்லை. உள்ளே போனால் அலைச் சத்தம் கேட்கிறது. அத்தனை வருடம் வேலை பார்த்த இடத்தில் அலைச் சத்தத்தை நான் கேட்டது அன்றைக்குத்தான். மோட்டார் மூடியைத் திறந்தால் மைனா கூடு கட்டியிருக்கிறது. குஞ்சு பறக்கும்வரை அந்த ஒரு மோட்டாரைத் தொடவில்லை. மற்ற ராட்டினங்களைப் பார்த்தோம்.

என்னோடு இருந்த ஹெல்பர் தம்பி திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். அவர் பாட்டி இரண்டு வருடம் படுத்த படுக்கையாக இருந்தவராம். படுக்கைப்புண் வராமல் இருக்க, அவர் அம்மா இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாட்டியைப் புரட்டிப் படுக்க வைப்பாராம். நான் பேரிங் விஷயத்தைச் சொன்னதும், “அண்ணே, அப்போ இதையும் புரட்டிப் படுக்க வைக்கணும், அவ்வளவுதானே” என்றார். அவ்வளவுதான். அதைவிடத் தெளிவாக எந்தப் பொறியியல் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

சாக்பீஸால் ராட்டினத்தில் ஆட்கள் உட்காரும் பெட்டிகளுக்கு எண் போட்டோம். வாரம் ஒருநாள் மோட்டாரை மெதுவாக விட்டு நாலைந்து சுற்று. அப்புறம், போன வாரம் கீழே நின்ற பெட்டியை விட்டுவிட்டு வேறு பெட்டி கீழே வரும்படி நிறுத்துவோம். சுற்றும்போது நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை பேரிங் கூட்டில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் ஒட்டிக் கேட்பேன். நல்ல பேரிங் சீராக இரையும். குழி விழுந்தது ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு வரும். ஆகஸ்டில் ஒரு சிறிய ராட்டினத்தில் அந்தத் தட்டல் கேட்டது. அதை நாங்கள் தவறாமல் புரட்டவில்லை, சின்னதுதானே என்று விட்டது எங்கள் தவறு. பேரிங்கை மாற்றி முடிக்கும்வரை அது ஓடவில்லை. மற்றவை திறந்த நாளிலும் அது நின்றது.

அக்டோபர் 15 முதல் திறக்கலாம் என்று மத்திய அரசு சொன்னது, நம் மாநிலத்தில் நவம்பர் 10. உத்தரவு வந்தால் பூட்டைத் திறந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. பூட்டைத் திறப்பது ஒரு நிமிட வேலை. நாங்கள் ஆள் எடைக்கு மணல் மூட்டைகளைக் கட்டி உட்கார வைத்து நாள் கணக்கில் ஓட்டினோம். ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கிப் பார்த்தோம். வெல்டிங் போட்ட இடங்களில் சிவப்புச் சாயம் தடவி விரிசல் தேடினோம். அணில் கடித்த சென்சார் வயர்களை மாற்றினோம். தண்ணீர் விளையாட்டுகளுக்கு இன்னும் பாடு. தேங்கி நின்ற குழாயில் கிருமி வளரும். மொத்தத் தண்ணீரையும் வெளியேற்றி, குளோரின் போட்டு, மறுபடி அளந்து பார்க்க வேண்டும். திறந்து இரண்டு வாரத்தில் நிவர் புயல் வந்தது. பெட்டிகளைக் கட்டிப்போட்டு மறுபடி நிறுத்தினோம், மறுபடி சோதித்தோம்.

வெளிநாடுகளிலும் ஒவ்வோர் ஊர் ஒவ்வொரு மாதிரி. ஷாங்காய் டிஸ்னிலேண்ட் 2020 மே 11லேயே திறந்தது, கூட்டம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. கலிபோர்னியாவில் இருப்பது 2021 ஏப்ரல் 30 வரை காத்திருந்தது. ஜப்பானில்தான் நான் கவனித்த விஷயம் நடந்தது. வாய் திறந்து கத்தினால் கிருமி பரவும் என்பதால், பூங்காக்கள் சங்கம் ரோலர் கோஸ்டரில் அலற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. ஃபுஜி கியூ பூங்காவின் அதிகாரிகள் இரண்டு பேர் கோட்டு சூட்டும் மாஸ்க்குமாகத் தங்கள் கோஸ்டரில் ஏறி, ஒரு சத்தமும் போடாமல் இறங்கி, மனதுக்குள் அலறுங்கள் என்று வீடியோ வெளியிட்டார்கள். உலகமே சிரித்தது. எனக்குக் கவலையாக இருந்தது. அலறல்தான் ஆபரேட்டருக்குக் காது. சந்தோஷ அலறல் வேறு, பயந்த அலறல் வேறு. ஒரு குழந்தையின் குரல் மாறினால் நல்ல ஆபரேட்டர் அந்தக் கணமே நிறுத்துவார். மாஸ்க் முகத்தையும் மறைத்தது. எங்கள் ஆபரேட்டர்களைக் கைகளைப் பார்க்கச் சொன்னேன். கம்பியைப் பிடித்திருக்கும் விரல்கள் இறுகுகிற விதத்திலேயே பயம் தெரிந்துவிடும்.

ஆபரேட்டர்களைப் பற்றித்தான் கடைசியில் விரிவாகப் பேச வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாகச் சொல்கிறேன். எங்களிடம் இருந்த ஆபரேட்டர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. உணவு டெலிவரிக்குப் போனார்கள், சொந்த ஊரில் வயலுக்குப் போனார்கள். சம்பளம் இல்லாத மாதங்களில் வேறென்ன செய்வார்கள்? புது ஆட்களுக்கு இருக்கையில் லாக் போடுவதை ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். குரலைக் கேட்டு நிறுத்துவதை அப்படிச் சொல்லிக்கொடுக்க முடியாது. அதற்காகவே, வரமாட்டேன் என்ற பழைய ஆபரேட்டர் ஒருவரை அவர் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன். மளிகைக் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வருகிறேன் என்றார். இன்றும் ஞாயிறு தவறாமல் வருகிறார். பெரிய ராட்டினத்தின் லிவர் அன்றைக்கு அவர் கையில்தான். வணக்கம்.