மால் ஃபுட் கோர்ட்ல பூட்டீன்: கவுன்டர்லயே எதைப் பார்க்கணும், எப்படிச் சாப்பிடணும்

(காட்சி: டொரொன்டோ பக்கம் ஒரு மாலின் ஃபுட் கோர்ட். அட்டைக் கிண்ணத்தில் பொன்னிற ஃப்ரைஸ். மேலே வெள்ளை சீஸ் துண்டுகள் விழுகின்றன. கரண்டியிலிருந்து பழுப்பு கிரேவி இறங்குகிறது.)

பூட்டீன்னா ஃப்ரைஸ் மேல சீஸ் துண்டுகள் போட்டு, சூடான கிரேவி ஊத்திக் கொடுக்கற கனடா சாப்பாடு. கிரேவி ஊத்தினதுல இருந்து அதுக்கு ஆயுசு சுமார் 10 நிமிஷம்தான். அதுக்குள்ள சாப்பிட்டா ஃப்ரைஸ் ஓரம் மொறுமொறுன்னு இருக்கும், சீஸ் பல்லுல கடிபடும், கிரேவி சுடச்சுட இருக்கும். தாண்டிட்டா மூணும் ஒண்ணாக் குழைஞ்சிடும்.

கனடாவுக்கு வந்த புதுசுல ஒரு தடவை சாப்பிட்டுப் பார்த்து, "இதுல என்ன இருக்கு"ன்னு ஒதுக்கி வச்சவங்க நம்ம ஆளுங்கள்ல நிறைய பேர். அவங்க கைக்கு வந்தது பெரும்பாலும் சூடு காக்கற விளக்குக்கு அடியில கிடந்து ஆறின ஃப்ரைஸ், கர்ட்ஸுன்னு சொல்ற புது சீஸ் துண்டுகளுக்குப் பதிலா துருவின மொஸரெல்லா, தண்ணியா ஓடுற கிரேவி. அது நல்ல பூட்டீனே இல்ல. நல்லது எதுன்னு காசு கொடுக்கறதுக்கு முன்னாடியே கவுன்டர்ல நின்னு கண்டுபிடிச்சிடலாம். அதைத்தான் இந்த வீடியோல பார்க்கப் போறோம்.

(காட்சி: கியூபெக் மாகாண வரைபடம். வார்விக், டிரம்மண்ட்வில் இரண்டு புள்ளிகள்.)

ஊர் கதையைச் சுருக்கமா முடிச்சிடுவோம். பூட்டீன் பிறந்தது கியூபெக் மாகாணத்தோட நடுப்பகுதியில, 1950கள், 60கள்ல. வார்விக்ல உணவகம் நடத்தின ஃபெர்னாண்ட் லாஷான்ஸ் 1957ல செஞ்சதுதான் முதல்னு ஒரு கட்சி. இல்ல, டிரம்மண்ட்வில்ல ழான்-பால் ருவா 1964ல கிரேவியோட சேர்த்துக் கொடுத்ததுதான் நிஜ பூட்டீன்னு இன்னொரு கட்சி. ரெண்டு பக்கமும் ஒத்துக்கிற விஷயம், அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பால் பண்ணையும் சீஸ் ஆலையும். அன்னிக்குச் செஞ்ச சீஸ் அன்னிக்கே கடைக்கு வந்துடும். இதை மனசுல வச்சுக்குங்க, சீஸ் பத்திப் பேசறப்போ தேவைப்படும்.

மாலுக்கு வந்தா, நியூயார்க் ஃப்ரைஸ் கனடா நிறுவனம்தான், மால் ஃபுட் கோர்ட்டை நம்பியே வளர்ந்தது. ஸ்மோக்ஸ் பூட்டினரி டொரொன்டோல ஆரம்பிச்சது. மெக்டொனால்ட்ஸ் 2013ல கனடா முழுக்க பூட்டீன் கொண்டுவந்தது. எந்தக் கடையா இருந்தாலும் பார்க்க வேண்டியது இதேதான்.

(காட்சி: எண்ணெய்த் தொட்டி. கம்பிக்கூடை உள்ளே இறங்குகிறது. குமிழிகள் நெருக்கமாக எழுகின்றன.)

முதல்ல ஃப்ரைஸ். இது சரியில்லன்னா மேல எதைக் கொட்டினாலும் தேறாது.

நல்ல ஃப்ரைஸுக்கு மாவுச்சத்து அதிகமா, தண்ணி கம்மியா இருக்கற உருளைக்கிழங்கு வேணும். வட அமெரிக்காவுல அதுக்கு ரஸெட் வகை. தோலோட வெட்டினா ஓரத்துல பழுப்புக் கோடு தெரியும். கடையிலயே வெட்டறாங்கங்கறதுக்கு அது ஓரளவு நல்ல அடையாளம், ஆனா தோலோட உறைய வச்ச ஃப்ரைஸும் சந்தையில உண்டு. வெட்டு அகலம் சுமார் 1 சென்டிமீட்டர். 6 மில்லிமீட்டர் ஒல்லி ஃப்ரைஸ் உப்பு மட்டும் போட்டுச் சாப்பிட அருமை, ஆனா கிரேவி பட்டா ரெண்டே நிமிஷத்துல துவண்டுடும். அதுக்குன்னு ரொம்பத் தடிமனா வெட்டினாலும் உள்ள மாவு மாவா இருக்குமே தவிர மொறுமொறுப்பு மிஞ்சாது.

வெட்டினதும் குளிர்ந்த தண்ணியில ஊற வச்சு, மேல ஒட்டியிருக்கற மாவைக் கழுவிடணும். இல்லன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டும், உள்ள வேகறதுக்கு முன்னாடி மேல கருகும். பிறகு ஈரம் போகத் துடைச்சுட்டு ரெண்டு தடவை பொரிக்கணும். முதல் தடவை 150ல இருந்து 160 டிகிரி செல்சியஸ், 5 நிமிஷம் அளவு. இதுல நிறம் வரக் கூடாது, உள்ள வெந்தா போதும். எடுத்து ஆற விட்டு, ஆர்டர் வந்ததும் 180ல இருந்து 190 டிகிரியில 2 அல்லது 3 நிமிஷம். இந்த ரெண்டாவது சுற்றுலதான் மேல ஓடு மாதிரி தடிச்ச பொருக்கு வருது. ஒரே தடவையில பொரிச்சா அந்தப் பொருக்கு மெல்லிசா இருக்கும், உள்ள இருக்கற ஆவி சீக்கிரம் வெளிய வந்து அதை நமுத்துப் போக வச்சிடும்.

(காட்சி: மிக அருகில். ஊழியர் கூடையைத் தொட்டிக்கு மேலே தூக்கி, கொக்கியில் மாட்டும் முன் வேகமாக நாலைந்து முறை உதறுகிறார். எண்ணெய்த் துளிகள் திரும்பத் தொட்டியில் விழுகின்றன.)

இந்த இடத்துல நிறுத்திப் பாருங்க. கூடையைத் தூக்கினதும் உதறறாங்களா? எண்ணெய் ஃப்ரைஸுக்குள்ள போறது பெரும்பாலும் பொரியறப்போ இல்ல. அப்போ உள்ள இருக்கற தண்ணி ஆவியா வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும், எண்ணெயை உள்ள விடாது. வெளிய எடுத்ததும்தான் சூடு குறையும், உள்ள இருக்கற ஆவி தண்ணியாகும், அழுத்தம் குறையும், மேல ஒட்டியிருக்கற எண்ணெயை உள்ள இழுத்துக்கும். அந்தச் சில நொடிக்குள்ள நல்லா உதறிட்டா பாதி பிரச்சினை தீர்ந்தது. உதறாம அப்படியே தட்டுல கொட்டற கடையில ஃப்ரைஸ் கையெல்லாம் பிசுபிசுக்கும்.

கூடையில எவ்வளவு போடறாங்கன்னும் கவனிங்க. பாதிக் கூடைதான் சரியான அளவு. விளிம்பு வரைக்கும் குவிச்சு இறக்கினா எண்ணெயோட சூடு சடார்னு இறங்கிடும், ஃப்ரைஸ் பொரியறதுக்குப் பதிலா எண்ணெயில வேகும். நிறமும் வராது, மொறுமொறுப்பும் வராது.

ஃப்ரைஸ் நுனி மட்டும் கரும்பழுப்பா, லேசாக் கசந்தா, எண்ணெய்மேல மட்டும் பழி போடாதீங்க. கிழங்கை ரொம்பக் குளிர்ல வச்சிருக்கலாம். 4 டிகிரி மாதிரி ஃபிரிட்ஜ் குளிர்ல கிழங்குல உள்ள மாவுச்சத்து சர்க்கரையா மாற ஆரம்பிக்கும், அந்தச் சர்க்கரைதான் கருகறது. எண்ணெயே பழசுன்னா அடையாளம் வேற: தொட்டியில நுரை அடங்காம நிக்கும், கடைக்குப் பக்கத்துல வந்தாலே காறல் வாடை அடிக்கும். அந்தக் கடையைத் தாண்டிப் போயிடுங்க.

வெறும் ஃப்ரைஸ் மட்டும் வாங்கறீங்கன்னா, எண்ணெயில இருந்து எடுத்த கையோட உப்பு போட்டாத்தான் ஒட்டும். மேல உப்பு, மசாலாத் தூள், மால்ட் வினிகர் எல்லாம் பக்கத்து மேசையில இருக்கும். வினிகரை மொத்தமா ஊத்தாம, சாப்பிடப் போற நாலு துண்டு மேல மட்டும் தெளிச்சுக்கிட்டே போங்க. பூட்டீன்னா ஃப்ரைஸ்ல உப்புக் கம்மியாப் போடச் சொல்லுங்க, சீஸ்லயும் கிரேவியிலயும் வேணுங்கற உப்பு இருக்கு.

(காட்சி: உள்ளங்கையில் சீஸ் கர்ட்ஸ். ஒழுங்கற்ற வடிவம், கட்டைவிரல் நுனி அளவு. பக்கத்தில் துருவிய மொஸரெல்லா.)

அடுத்தது சீஸ் கர்ட்ஸ். பாலை உறைய வச்சு, மோர்த் தண்ணியை வடிச்சு, திரண்ட கட்டியை வெட்டி உப்பு போடறாங்க. அதை அச்சுல அழுத்தி மாசக்கணக்குல வச்சா செடார் சீஸ். அழுத்தாம அப்படியே எடுத்துக்கிட்டா கர்ட்ஸ். புதுசா இருக்கறப்போ கடிச்சா பல்லுல கீச்சுன்னு சத்தம் வரும். பால் புரதமும் கால்சியமும் இறுக்கமாப் பின்னியிருக்கறதால வர்ற சத்தம் அது. நாள் போகப்போகப் புளிப்பு ஏறும், அந்தப் பின்னல் தளரும், சத்தமும் போயிடும். அதனாலதான் கியூபெக்ல அன்னிக்குச் செஞ்ச கர்ட்ஸை 24 மணி நேரம் வரைக்கும் ஃபிரிட்ஜ்ல வைக்காமலே கடையில விக்க அனுமதி இருக்கு.

டொரொன்டோ மால்ல அந்தக் கீச் சத்தத்தை எதிர்பார்க்காதீங்க. இங்க குளிர்ப் பெட்டியில பாக்கெட்டாத்தான் வருது. ஆனா ரெண்டு விஷயத்தைக் கட்டாயம் எதிர்பார்க்கலாம். ஒண்ணு, அது துண்டு துண்டா இருக்கணும். துருவல் மொஸரெல்லான்னா கிரேவி பட்டதும் முழுசா உருகி, ஆறினதும் ஒரே போர்வையா இறுகிடும். முள்கரண்டியில எடுத்தா மொத்தமும் சேர்ந்து கிளம்பும். கர்ட்ஸ் மேல இளகும், உள்ள உருண்டையாவே நிக்கும். ரெண்டாவது, அது பனிக்கட்டி மாதிரி ஜில்லுன்னு இருக்கக் கூடாது. நல்ல கடையில கொஞ்ச நேரத்துக்குத் தேவையானதை மட்டும் முன்கூட்டியே வெளிய எடுத்து வைப்பாங்க. குளிர்ப் பெட்டியில இருந்து நேரா அள்ளிப் போட்டா கிரேவியோட சூட்டையும் குடிச்சிடும், தானும் இளகாம ரப்பரா நிக்கும்.

(காட்சி: கிரேவிப் பாத்திரம். கரண்டி அடி வரைக்கும் போய்க் கிளறுகிறது.)

கிரேவி, கோழி அல்லது மாட்டு எலும்புச் சாறுல மைதாவோ சோள மாவோ சேர்த்துக் காய்ச்சறது. மிளகு வாசம் முன்ன நிக்கணும், கொஞ்சம் புளிப்பு இருந்தா இன்னும் நல்லது. ரசம் மாதிரி ஓடினா அடியில போய்த் தேங்கிடும், கூட்டு மாதிரி இறுகினா மேலயே உட்கார்ந்துடும். நல்ல சாம்பார் பதம்தான் சரி, கரண்டி முதுகுல தடவினாப்பல நிக்கணும். வீட்டுல செய்யறீங்கன்னா 250 மில்லி சாறுக்கு ஒரு மேசைக்கரண்டி சோள மாவு, குளிர்ந்த தண்ணியில கரைச்சு ஊத்துங்க.

சூடான உணவை 60 டிகிரிக்கு மேல வச்சிருக்கணும்கறது டொரொன்டோ இருக்கற ஒன்டாரியோ மாகாணத்தோட சுகாதார விதி. பூட்டீனுக்கு அது போதாது, 80 டிகிரிக்கு மேல இருந்தாத்தான் சீஸ் இளகும். ஊத்தறப்போ ஆவி பறக்குதான்னு பாருங்க. பாத்திரத்துல மேல ஆடை கட்டியிருந்தா ரொம்ப நேரமாச் சூட்டுல கிடந்து வத்தியிருக்குன்னு அர்த்தம், உப்பு தூக்கலா இருக்கும்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவங்களும் சைவம் சாப்பிடறவங்களும் மூணு கேள்வி கேட்கணும். கிரேவி எதுல செஞ்சது? ஃப்ரைஸ் பொரிக்கற எண்ணெயிலயே சிக்கனும் பொரிக்கறாங்களா? சீஸ்ல சேர்க்கற உறைபொருள் கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுத்ததா, நுண்ணுயிரில இருந்து வந்ததா? சைவ கிரேவி தனியா வச்சிருக்கற கடைகளும் இருக்கு, ஆனா நீங்க கேட்டாத்தான் அதைப் போடுவாங்க. கோதுமை ஒத்துக்காதவங்க கிரேவியில மைதா இருக்கான்னும் விசாரிங்க. ஹலால் பார்க்கறவங்க, பேக்கன் (பன்றி இறைச்சி) தூவற அதே இடுக்கியால உங்க கிண்ணத்தைத் தொடறாங்களான்னு கவனிங்க.

(காட்சி: கவுன்டர் வரிசை. மேலே ஒளிரும் விலைப் பலகை.)

இப்போ ஆர்டர். கூட்டம் இருக்கற மத்தியான நேரமே நல்லது, ஃப்ரைஸ் தொட்டியில இருந்து நேரா கிண்ணத்துக்கு வரும். 3 மணி, 4 மணிக்குக் கூட்டம் இல்லாதப்போதான் பொரிச்சு வச்சது விளக்குக்கு அடியில வாடிக் கிடக்கும். அப்போ கூச்சப்படாம, "ஃப்ரெஷ் பேட்ச் போடுங்க, வெயிட் பண்றேன்"னு சொல்லுங்க. முதல் சுற்று ஏற்கனவே முடிஞ்சிருக்கும், கூட மூணு நிமிஷம்தான் ஆகும்.

பலகையில இருக்கற விலையில வரி சேராது. ஒன்டாரியோல 13 சதவீதம். 10 டாலர்னு போட்டிருந்தா 11 டாலர் 30 சென்ட் கொடுக்கணும். மொத்த பில் 4 டாலருக்குள்ள இருந்தா 5 சதவீதம் மட்டும்தான்.

ரெண்டு பேர்னா ஒரு பெரிய கிண்ணத்தை விட ரெண்டு சின்னது வாங்குங்க. கிண்ணம் ஆழமா இருந்தா அடியில கிரேவி குளம் கட்டும், கீழ் ஃப்ரைஸ் நீங்க போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே ஊறிடும். பெரியதுதான் வேணும்னா, ஃப்ரைஸ் பாதி, கர்ட்ஸ் பாதி, மறுபடி ஃப்ரைஸ், மறுபடி கர்ட்ஸ், கடைசியா கிரேவின்னு ரெண்டு அடுக்காப் போடச் சொல்லுங்க. 250 கிராம் ஃப்ரைஸுக்கு 80ல இருந்து 100 கிராம் கர்ட்ஸ், 120 மில்லி கிரேவி நல்ல விகிதம். மூடி வேண்டாம்னு சொல்லிடுங்க, மூடினா ஆவி உள்ளயே நின்னு எல்லாத்தையும் நனைச்சிடும்.

முதல் தடவைன்னா சாதாரண பூட்டீனே வாங்குங்க. டொரொன்டோ பக்கம் பட்டர் சிக்கன் பூட்டீன் நம்மாளுங்களை சட்டுனு இழுக்கும். ஆனா அதுல இருக்கற இனிப்பும் வெண்ணெயும் சீஸை முழுசா மறைச்சிடும். காரம் வேணும்னா மேல ஹலபேன்யோ மிளகாய் வெட்டிப் போடச் சொல்லுங்க.

(காட்சி: மேசையில் ஒருவர் முன்பே அமர்ந்து இடம் பிடித்திருக்கிறார். கிண்ணம் வருகிறது.)

இடம் பிடிக்க ஒருத்தரை முன்னாடியே அனுப்பிடுங்க. தட்டை வச்சுக்கிட்டு மேசை தேடற 5 நிமிஷத்துல பூட்டீனோட பாதி ஆயுசு போயிடும். உட்கார்ந்ததும் கிளறாதீங்க. முள்கரண்டியை ஓரத்துல இருந்து கீழ வரைக்கும் இறக்கி, ஒரே எடுப்புல ஃப்ரைஸ், கர்ட்ஸ், கிரேவி மூணும் வர்ற மாதிரி எடுங்க. கிளறினா எல்லா ஃப்ரைஸும் ஒரே நேரத்துல நனையும்.

வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும்னா கிரேவியையும் கர்ட்ஸையும் தனித்தனியா வாங்குங்க. வீட்டுல ஃப்ரைஸை ஏர் ஃப்ரையர்ல 200 டிகிரியில 4, 5 நிமிஷம். கிரேவியைக் கொதிக்க விடுங்க, கெட்டியா இருந்தா ரெண்டு கரண்டி வெந்நீர் சேர்த்துக்கலாம். கர்ட்ஸை மைக்ரோவேவ்ல 10 நொடி மட்டும் காட்டுங்க. அந்த லேசான சூட்டுல இறுக்கம் கொஞ்சம் திரும்பி வந்து, பல சமயம் கீச் சத்தமும் கேட்கும். அதுக்கு மேல வச்சா உருக ஆரம்பிச்சிடும்.