தூள் போட்டும் குளோரின் காட்டாத கிணறு

வணக்கம். மாரி வெள்ளம் வடிந்த கையோடு வன்னியில் கிணறு இறைப்பும் குளோரின் தூள் (பிளீச்சிங் பவுடர்) போடுவதும் தொடங்கிவிடும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வெள்ளத்தில் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படியான நாட்களில் அடிக்கடி காதில் விழுவது, "தூள் போட்டாச்சு, சோதிச்சால் நிறமே வருகுதில்லை" என்பதுதான். உடனே இன்னொரு கிலோவைக் கொட்டிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். முதல் போட்ட குளோரின் எங்கே போனது என்று பார்ப்போம்.

முதல் சந்தேகம் தூளின் மேல்தான். புதுத் தூளில் நூற்றுக்கு 30, 35 பங்கு குளோரின் இருக்கும். வாய் திறந்த பையைத் தகரக் கொட்டிலுக்குள், அதுவும் யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் வெக்கையிலும் ஈரத்திலும் வீரியம் இறங்கிவிடும். யூரியாவோடு கலந்தால் ஆபத்தும்கூட. நல்ல தூள் மூடியைத் திறந்ததுமே மூக்கைக் குத்தும். கட்டிபட்டு, மணமும் இல்லை என்றால் நீங்கள் கிணற்றில் போட்டது பெரும்பாலும் சுண்ணாம்புதான்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆறரை அடி விட்டமுள்ள கட்டுக்கிணற்றில் பத்தடித் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 9,400 லீற்றர். லீற்றருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டுமானால் நல்ல தூளில் 60 கிராம் அளவு போதும். வீரியம் மூன்றில் ஒன்றாகிவிட்ட தூள் என்றால் 180 கிராம் தேவை. வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்துக் கழுவிய பிறகு போடும் முதல் மருந்து இதைப்போலப் பத்து மடங்கு. அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, குளோரின் இறங்கும்வரை இறைத்து ஊற்றிவிட வேண்டும். தூளை வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்றி, வாளியை மேலும் கீழுமாக இழுத்துக் கலக்குங்கள். மேல் தண்ணீரை மட்டும் அள்ளிச் சோதித்து ஏமாறக் கூடாது.

சோதனையே பொய் சொல்வதும் உண்டு. குளோரின் இருந்தால், சோதிக்கப் போடும் மாத்திரை தண்ணீரை றோஸ் நிறமாக்கும். ஆனால் குளோரின் அளவுக்கு மிஞ்சினால் அந்த நிறத்தையே வெளுத்துவிடும். கண்ணுக்கு நிறமில்லாத வெறும் தண்ணீர்போலத் தெரியும், நீங்கள் இன்னும் தூள் போடுவீர்கள்! சந்தேகமானால் ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீருக்கு ஒன்பது பங்கு குளோரின் போடாத தண்ணீர் கலந்து சோதித்து, வந்த அளவைப் பத்தால் பெருக்குங்கள்.

தூளும் சரி, சோதனையும் சரி என்றால் தண்ணீர்தான் குளோரினைத் தின்கிறது. சேறு, இலை, செத்த தவளை எல்லாமே அதற்குத் தீனி. குழாய்க் கிணற்றில் இரும்பும் சேரும். ஒரு மில்லிகிராம் இரும்பு 0.6 மில்லிகிராம் அளவு குளோரினை எடுத்துக்கொள்ளும். தெளிந்த தண்ணீர் தூள் போட்டதும் செம்மண் நிறமானால் இதுதான் காரணம். அமோனியா இன்னும் மோசம். குளோரினோடு சேர்ந்து வேறொன்றாகிவிடும். மணம் இருக்கும், கிருமி கொல்லும் பலம் குறைந்துவிடும்.

வெயிலையும் மறக்கக் கூடாது. மூடியில்லாத தாங்கியில் பங்குனி வெயில் பட்டால் சில மணி நேரத்தில் குளோரினின் பெரும்பகுதி போய்விடும். கனடாவிலிருந்து வந்தவர்கள் கட்டிய நீச்சல் தடாகங்களில் இதற்காகவே சயனூரிக் அமிலம் சேர்க்கிறார்கள். அந்தத் தடாக மருந்து வாளியைக் கொண்டுவந்து குடிதண்ணீர்க் கிணற்றில் கொட்டாதீர்கள். இன்னொன்று, வவுனியாப் பக்கம் பலர் கேட்பார்கள்: கல்சியமும் புளோரைட்டும் குளோரினால் போகாது, அது வேறு வைத்தியம்.

குடிக்கும் தண்ணீரில் போட்டு அரை மணி நேரத்துக்குப் பிறகு லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை மிஞ்சியிருக்க வேண்டும். பி.எச். (அமில, கார அளவு) எட்டைத் தாண்டிய தண்ணீருக்கு இன்னும் நேரம் கொடுங்கள். இறைத்து, கழுவி, நல்ல தூள் போட்ட பிறகும் விடியும்போது ஒன்றுமே இல்லையென்றால் மலசலகூடக் குழி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் சரிவு என்று பாருங்கள். உங்கள் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) சொல்லி, தண்ணீரைக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், பிள்ளைகளின் பால் போத்தலுக்கும் அதுதான்.