உள்ளே யார் புரோட்டா போட்டது?

நடுவர் அவர்களே, வணக்கம். மற்ற எல்லாருக்கும் சேர்த்து இன்னொரு வணக்கம், எனக்கு இருப்பதே ஐந்து நிமிஷம்.

பிள்ளைகள் குண்டாவதற்குப் பெரிதும் காரணம் கருவறையா, சாப்பாட்டுத் தட்டா? கருவறைதான் என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர், "கருவறைக்குள் எந்த மாஸ்டர் போய் புரோட்டா வீசினார்?" என்று கேட்டுவிட்டுக் கைதட்டலோடு உட்கார்ந்தார். நானும்தான் தட்டினேன். ஐயா, ஒரு போட்டோவைப் பற்றிச் சொல்லிவிட்டு உங்களிடம் வருகிறேன்.

2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த போட்டோ. இரண்டு டாக்டர்கள். ஒருவர் புனேயின் யாஜ்னிக், இன்னொருவர் லண்டனின் யுட்கின். உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3. புள்ளிகூட மாறவில்லை. உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தால், லண்டன்காரருக்கு 9.1 சதவீதம். நம்ம புனேக்காரருக்கு? 21.2! பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, மறுபடி சொல்கிறேன்: அதே 22.3, ஆனால் கொழுப்பு இரண்டு மடங்குக்கும் மேல்!

போட்டோவுக்குக் கீழே அவர்களே காரணமும் எழுதியிருக்கிறார்கள். லண்டன்காரர் மாரத்தான் ஓடுவாராம். புனேக்காரரும் ஓடுவாராம், தினமும் காலையில், ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடுவதற்குள். அதுதான் அவருடைய உடற்பயிற்சி. எதிரணி முகத்தில் சிரிப்பைப் பாருங்கள்! இருங்க, அடுத்த வரியையும் படிங்க. புனேக்காரர் பிறந்தபோதே எடை குறைவு, தாய் வயிற்றில் ஊட்டம் போதாமல் போனதும் காரணமாக இருக்கலாம் என்கிறது அது. லிஃப்ட் வரைக்கும் வந்தவர்கள் மாடி ஏறவில்லையே ஐயா!

சரி, புரோட்டாவுக்கு வருவோம். 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் ஜெர்மானியர் உணவு வரத்தை அடைத்தார்கள். சனங்கள் துலிப் செடியின் கிழங்கைத் தின்றார்கள். வயிற்றுக்கு உள்ளேயும் புரோட்டா இல்லை, வெளியேயும் இல்லை. பிற்பாடு 19 வயசில் ராணுவப் பரிசோதனைக்கு வந்த 3 லட்சம் பையன்களின் பதிவுகளை ஆராய்ந்து 1976இல் வெளியிட்டார்கள். கர்ப்பத்தின் முதல் பாதியில் தாய் பட்டினி கிடந்திருந்தால், பிள்ளைகளிடம் பருமன் அதிகம். (கடைசி மாதங்களில் பட்டினி என்றால் குறைவுதான், அதை எதிரணி சொல்லிக்கொள்ளட்டும்.) 19 வயசுக்காரன் குழந்தையா என்பீர்கள், அவன் அம்மாவைக் கேளுங்கள். எந்த மாஸ்டர் ஐயா அங்கே மாவு பிசைந்தார்?

அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தாலோ, அந்தச் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போகும், அவள் இன்சுலின் போகாது. பிள்ளை தானே இன்சுலின் சுரந்து மிச்சத்தைக் கொழுப்பாக்கிக்கொள்ளும். மணி அடித்துவிட்டீர்கள், இதோ முடிக்கிறேன்.

"அப்போ தாய்தான் குற்றவாளியா?" என்று அங்கே முணுமுணுக்கிறார்கள். ஒரு நாள் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனைக்காக 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, வாந்தி எடுத்தால் பரிசோதனை வீணாகிவிடுமே என்று குமட்டலை அடக்கிக்கொண்டு, இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள் ஒருத்தி. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சியதைத் தின்றுவிட்டு வந்தவள். நாளைக்கு அவள் பிள்ளை குண்டானால், "என்னத்தைப் போட்டு வளர்த்தே?" என்று அவளைத்தான் ஊர் கேட்கும். அவள் மாசமாக இருந்தபோது அவள் தட்டில் என்ன விழுந்தது என்று நம்மில் ஒருத்தராவது எட்டிப் பார்த்தோமா, நடுவர் அவர்களே? அவள் முகத்தை நினைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி.